காயம் அறிந்து நடத்தல்

உதவி தேடி வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே ஒரு கொடிய அனுபவத்தைக் கடந்து வந்தவர்களாக இருக்கலாம் என்பதை மனத்தில் வைத்து, ஒரு நிறுவனம் தன் அன்றாட நடைமுறைகளை அமைத்துக்கொள்வதே மனக்காயம் அறிந்த அணுகுமுறை. மருத்துவமனை, பள்ளி, காவல் நிலையம், நீதிமன்றம், காப்பகம், தொண்டு நிறுவனம் என மக்கள் உதவிக்காகப் படியேறும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும். இதற்காக நிறுவனங்களைப் பழக்குவது கடந்த இருபது ஆண்டுகளில் பல நாடுகளில் தனிப் பயிற்சித் துறையாகவே வளர்ந்திருக்கிறது.

மருத்துவமனையில் 'ட்ராமா வார்டு' என்ற பலகை விபத்தில் அடிபட்டவர்களுக்கான பிரிவைக் குறிக்கிறது. கிரேக்கத்தில் காயம் என்று பொருள்படும் அந்தச் சொல்லையே மனநலத் துறையும் எடுத்துக்கொண்டது. தமிழில் மனக்காயம், மன அதிர்ச்சி என்றும், இலங்கைத் தமிழில் மனவடு என்றும் அது வழங்குகிறது. போர், பேரிடர், பாலியல் வன்முறை, வீட்டு வன்முறை, சிறுவயதுக் கொடுமை, சாதி வெறித் தாக்குதல், கண்ணெதிரே நிகழ்ந்த மரணம் போன்றவை அதை ஏற்படுத்தக்கூடும். ஒரே நிகழ்வைச் சந்தித்த இருவரில் ஒருவர் சில வாரங்களில் தேறிவிடலாம். மற்றவருக்கு அது ஆண்டுக்கணக்கில் ஆறாமல் நிற்கலாம்.

மனக்காயத்துக்குச் சிகிச்சை அளிப்பது வேறு, மனக்காயம் அறிந்து நடந்துகொள்வது வேறு. முன்னது பயின்ற மருத்துவரும் உளவியலாளரும் செய்கிற வேலை. பின்னது வாயிற்காவலர் முதல் நிர்வாகி வரை எல்லோருக்கும் உரியது. எந்த நோயாளியின் ரத்தத்தில் தொற்று இருக்கிறது என்று செவிலியருக்குத் தெரியாது. அதனால் எல்லோரிடமும் கையுறை அணிந்தே வேலை செய்கிறார். அதேபோல, யாருக்கு என்ன நடந்தது என்று விசாரிக்காமலே, எவருக்கும் புதிதாகக் காயம் படாதபடி நடந்துகொள்ளப் பழக்குவதுதான் இந்தப் பயிற்சியின் சாரம்.

எண்ணம் உருவான வழி

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களின் துன்பமும், வன்முறைக்கு ஆளான பெண்களைப் பற்றிப் பெண்ணுரிமை இயக்கங்கள் எழுப்பிய குரலும் அமெரிக்க மனநலத் துறையின் கவனத்தை இந்தப் பக்கம் திருப்பின. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய் வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பில், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறைத் தனி நோயாகச் சேர்த்தது. அதே பத்தாண்டில் பிலடெல்பியா பகுதியில் மனநல மருத்துவர் சாண்ட்ரா புளூமும் அவருடைய சகாக்களும் மருத்துவமனைப் பிரிவு ஒன்றின் சூழலையே குணமாக்கும் கருவியாக மாற்ற முயன்றார்கள். நோயாளியைப் பார்த்து 'இவருக்கு என்ன கோளாறு' என்று கேட்பதை விட்டு, 'இவருக்கு என்ன நேர்ந்தது' என்று கேட்கும் பழக்கம் அந்தக் குழுவிலிருந்து பரவியது.

1998இல் வெளியான ஓர் ஆய்வு இந்த எண்ணத்தை மனநலத் துறைக்கு வெளியே கொண்டுசென்றது. சான் டியாகோவில் கைசர் பெர்மனென்டே என்னும் மருத்துவ அமைப்பைச் சேர்ந்த வின்சென்ட் ஃபெலிட்டியும், அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த ராபர்ட் ஆண்டாவும் அதற்குத் தலைமை வகித்தனர். பொது உடல் பரிசோதனைக்கு வந்த 9,500க்கும் மேற்பட்டவர்கள் தம் சிறுவயதைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதினார்கள். அடி, வசை, பாலியல் கொடுமை, தாய் தாக்கப்படுவதைப் பார்த்தல், வீட்டில் குடிநோயாளி இருத்தல் முதலிய ஏழு வகைகளில் ஒன்றையாவது பாதிக்கும் மேற்பட்டவர்கள் அனுபவித்திருந்தார்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைகளைச் சந்தித்தவர்களுக்கு, ஒன்றையும் சந்திக்காதவர்களை விட, குடிநோய், போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கான வாய்ப்பு 4 முதல் 12 மடங்கு வரை கூடியிருந்தது. ஆய்வில் பங்கேற்றவர்கள் வறுமையில் உழன்றவர்கள் அல்லர். பெரும்பாலும் வேலையும் மருத்துவக் காப்பீடும் உள்ள நடுத்தர வர்க்கத்தினர். வரிசையில் நிற்கும் யாரும் காயம் சுமந்தவராக இருக்கலாம் என்ற முடிவுக்கு இதுவே வலுவான அடிப்படை ஆனது.

2001இல் மேக்சின் ஹாரிஸ், ரோஜர் ஃபாலட் என்னும் வாஷிங்டன் உளவியலாளர்கள் இருவர், மனக்காயத்துக்கான சிகிச்சையையும் மனக்காயம் அறிந்த சேவை அமைப்பையும் பிரித்துக் காட்டி ஒரு தொகுப்பு நூல் வெளியிட்டார்கள். 2014இல் அமெரிக்காவின் போதைப்பழக்க, மனநலச் சேவைகள் நிர்வாகம் இதற்கு ஒரு பொது வரையறை வகுத்தது. மனக்காயம் எவ்வளவு பரவலானது என்பதை உணர்தல், அதன் அறிகுறிகளை இனங்காணல், அந்த அறிவைக் கொண்டு நடைமுறைகளை மாற்றல், மீண்டும் காயப்படுத்துவதைத் தவிர்த்தல் என்ற நான்கும் அந்த வரையறையின் தூண்கள். இன்று உலகெங்கும் நடக்கும் பயிற்சிகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் இதைத் தழுவியவை.

அரண்டவன் கண்ணுக்கு

பயிற்சியின் முதல் பாடம் உடலைப் பற்றியது. ஆபத்து வரும்போது மூளையின் எச்சரிக்கைப் பகுதி முந்திக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, தசைகள் இறுகுகின்றன. எதிர்த்து நிற்பது, ஓடுவது, உறைந்துபோவது ஆகிய மூன்றில் ஒன்றை உடல் தேர்ந்துகொள்கிறது. நிதானித்து யோசிக்கும் பகுதிக்கு அந்த நேரத்தில் வேலை குறைவு. கொடுமை பெரிதாகவோ திரும்பத் திரும்பவோ நடந்திருந்தால், ஆபத்து நீங்கிய பிறகும் அந்த எச்சரிக்கை மணி லேசான தொடுதலுக்கே அலறுகிறது. ஒரு வாசனை, சத்தமாகச் சாத்தப்படும் கதவு, சீருடை, முதுகுக்குப் பின்னால் கேட்கும் காலடி எதுவும் அதை அடித்துவிடும். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பது கேலியாகச் சொல்லப்படும் பழமொழி. மனக்காயத்தின் உடலியலும் அதுதான்.

அலுவலகத்தில் இது வேறு பெயர்களில் பதிவாகிறது. முகம் பார்த்துப் பேசாத தாயை 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுகிறார்கள். தோளில் கை வைத்ததும் கத்திய மாணவனுக்கு 'முரடன்' என்று பெயர். மூன்று முறை வரச் சொல்லியும் வராதவர் 'அக்கறை இல்லாதவர்'. வாக்குமூலத்தில் நேற்று சொன்ன வரிசையை இன்று மாற்றிச் சொன்னவர் 'பொய் சொல்கிறார்'. கடும் அச்சத்தில் பதிந்த நினைவு கோர்வையாக இல்லாமல் துண்டு துண்டாக இருப்பது இயல்பு. சட்டையின் நிறம் நினைவில் இருக்கும், நேரம் இருக்காது. இதை அறிந்த அதிகாரி வரிசை பிசகியதை மட்டும் வைத்துப் பொய் என்று முடிவுகட்டமாட்டார்.

ஆறு கொள்கைகள்

2014ஆம் ஆண்டு வரையறை ஆறு கொள்கைகளை முன்வைக்கிறது. முதலாவது பாதுகாப்பு: உடலுக்கு ஆபத்தில்லை என்பதோடு, மனத்துக்கும் அப்படித் தோன்ற வேண்டும். இருட்டான நடைபாதையும் தாழிட முடியாத கழிவறையும் இந்தக் கணக்கில் வரும். இரண்டாவது நம்பகமும் ஒளிவுமறைவின்மையும்: அடுத்து என்ன நடக்கும், எவ்வளவு நேரமாகும், சொன்ன விவரம் யார் கைக்குப் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது. மூன்றாவது, அதே துன்பத்தைக் கடந்து வந்தவர்களின் துணை. நான்காவது கூட்டுச் செயல்பாடு: மேலிருந்து உத்தரவு போடுவதைக் குறைத்து, சேர்ந்து முடிவெடுப்பது. ஐந்தாவது குரலும் தெரிவும்: கொடுமையின்போது பறிபோனது தன்னைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை என்பதால், சின்னச் சின்ன விஷயங்களிலாவது அதைத் திருப்பித் தருவது. ஆறாவது பண்பாடு, வரலாறு, பாலினம் ஆகியவை பற்றிய அறிவு. ஒரு சமூகத்தையே தலைமுறைகளாக வாசலில் நிறுத்திவைத்த அலுவலகத்துக்குள் அந்தச் சமூகத்தவர் நுழையும்போது பழைய அச்சமும் கூடவே நுழையும் என்பதை உணர்வது இதில் அடங்கும்.

யாருக்கு, எந்த அளவு

யாருக்கு எந்த அளவு பயிற்சி வேண்டும் என்பதற்கு ஸ்காட்லாந்து நல்ல உதாரணம். அந்நாட்டு அரசு கேட்டுக்கொண்டதன் பேரில், 2017இல் அங்குள்ள தேசிய மருத்துவச் சேவையின் கல்விப் பிரிவு ஓர் அறிவு, திறன் சட்டகத்தை வெளியிட்டது. மருத்துவத் துறையோடு நின்றுவிடாமல், நாட்டின் ஒட்டுமொத்தப் பணியாளர்களையும் அது கணக்கில் எடுத்துக்கொண்டது. மனக்காயம் என்பது எல்லோருடைய பொறுப்பும் என்பதே அதன் அடிப்படைக் கருத்து.

சட்டகத்தில் நான்கு படிகள் உண்டு. முதல் படி பேருந்து ஓட்டுநர், வரவேற்பாளர், கடைப் பணியாளர் உட்பட எல்லோருக்கும். மனக்காயம் என்றால் என்ன, அது எப்படி வெளிப்படும் என்ற அளவு போதும். இரண்டாம் படி ஆசிரியர், செவிலியர், காவலர் போன்று மக்களோடு நேரடியாகப் பழகுகிறவர்களுக்கு. மூன்றாம் படி, பாதிக்கப்பட்டவர்கள் எனத் தெரிந்தவர்களோடு தொடர்ந்து நெருங்கி வேலை செய்கிறவர்களுக்கு. நான்காம் படி சிகிச்சை அளிக்கும் வல்லுநர்களுக்கு. யாரும் தன் வேலைக்கு மீறிய படியில் கால் வைக்க வேண்டியதில்லை. வரவேற்பாளர் ஆலோசகராக மாற முயன்றால் உதவியை விடத் தொல்லையே மிஞ்சும். ஆலோசகரிடம் போகும் வழியை அவர் பதற்றமில்லாமல் காட்டினால் போதும். தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கென அங்கே தனிப் பயிற்சியும் உண்டு. பணம் ஒதுக்குவதும் விதி மாற்றுவதும் அவர்கள் கையில் இருப்பதால், அவர்கள் இல்லாமல் கடைநிலை ஊழியர்களுக்கு மட்டும் வகுப்பெடுத்துப் பயனில்லை.

அமெரிக்காவின் மிசூரி மாநிலம் நிறுவனத்தின் பயணத்தையே நான்கு கட்டங்களாகப் பிரித்தது. முதலில் விழிப்பு வருகிறது. பிறகு அது பேச்சிலும் ஆய்விலும் இடம்பெறுகிறது. அதன்பின் நடைமுறைகள் மாறத் தொடங்குகின்றன. கடைசியில் தனியே சொல்லத் தேவையில்லாதபடி அது வேலையின் இயல்பாகிறது. ஒரு நாள் பயிற்சி முதல் கட்டத்தின் வாசல் வரைதான் கொண்டுபோய் விடும்.

நாற்காலியும் படிவமும்

நல்ல பயிற்சிகள் சொற்பொழிவோடு நிற்பதில்லை. 'நடந்து பார்த்தல்' அவற்றில் பரவலான உத்தி. பணியாளர்கள் தங்கள் நிறுவனத்துக்கே புதிதாக வருகிறவர்போல வெளிக் கதவிலிருந்து தொடங்குவார்கள். பலகை கண்ணில் படுகிறதா, காவலாளி எந்தத் தொனியில் பேசுகிறார், வந்த காரணத்தைப் பத்துப் பேர் காதில் விழச் சொல்ல வேண்டியிருக்கிறதா, காத்திருக்கும் நாற்காலி கதவுக்கு முதுகு காட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வார்கள். தினமும் பார்த்துப் பழகிய இடத்தில் கண்ணுக்குப் படாதவை அப்போது தட்டுப்படும். முன்பு அந்தச் சேவையைப் பெற்ற ஒருவர் கூட வந்தால் பட்டியல் இரண்டு மடங்காகும். அவர்களையே பயிற்றுநர்களாக, தக்க ஊதியத்தோடு அமர்த்தும் வழக்கமும் உண்டு.

பல் மருத்துவமனை நாற்காலியை எடுத்துக்கொள்ளலாம். நோயாளி மல்லாந்து கிடக்கிறார். முகத்துக்கு மேல் அறிமுகமில்லாத ஒருவர் குனிகிறார். வாய்க்குள் கருவிகள், 'வேண்டாம்' என்று சொல்லக்கூட முடியாது. பாலியல் கொடுமைக்கு ஆளான ஒருவருக்கு இந்த நிலை எதை நினைவூட்டும் என்பதை விளக்கத் தேவையில்லை. வலி தாங்காதவரைப் போலவோ பிடிவாதக்காரரைப் போலவோ அவர் தோன்றுவார், அல்லது அடுத்த முறை வரவே மாட்டார். பயிற்சி பெற்ற மருத்துவர் நாற்காலியைச் சாய்க்கும் முன் ஒரு வாக்கியம் சொல்வார்: "இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்திவிடுவேன்." பிறகு ஒவ்வொரு கருவியையும் எடுக்கும்போது அது எதற்கு என்று சொல்வார். கை உயர்ந்தால் உண்மையிலேயே நிறுத்துவார். இதற்கு அதிக நேரம் ஆகாது, செலவும் இல்லை. நோயாளியின் கடந்த காலம் பற்றி ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை. எல்லா நோயாளிக்கும் இதையே செய்வதால் யாரும் தனித்துக் காட்டப்படவும் இல்லை.

படிவங்களும் காயப்படுத்தும். வட இலங்கையில் போரில் காணாமற்போனவர்களின் குடும்பங்கள் இழப்பீடோ சொத்துரிமையோ பெற, அவர் இறந்துவிட்டதாகச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. உடலைக் காணாத, ஈமச் சடங்கு செய்யாத ஒரு தாயை, மகன் இறந்துவிட்டான் என்று கையெழுத்திடச் சொல்லும் படிவம் அது. 2016இல் கொண்டுவந்த சட்டத் திருத்தம், அவர் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் பதிவுசெய்யும் வேறொரு சான்றிதழுக்கு வழி செய்தது. தேடலும் துயரமும் அதனால் தீரவில்லை. ஆனால் அரசு உதவி பெறுவதற்காக மகனின் மரணத்தைத் தன் கையாலேயே எழுதித்தர வேண்டிய கட்டாயத்துக்கு மாற்று பிறந்தது.

சட்டம் வகுத்த நடைமுறை

இந்தியாவில் இந்த அணுகுமுறையின் கூறுகள் சட்டத்துக்குள்ளேயே இடம்பெற்றுள்ளன. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவுசெய்ய வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி அதைச் செய்ய வேண்டும், அப்போது சீருடை அணிந்திருக்கக் கூடாது. பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருக்க வேண்டும். குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் கேள்விகளை நீதிபதி வழியாகவே கேட்க வேண்டும். குழந்தையைத் திரும்பத் திரும்பச் சாட்சிக் கூண்டுக்கு அழைக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவரைக் குழந்தை நேருக்கு நேர் பார்க்க நேராதபடி திரையோ காணொளியோ பயன்படுத்தலாம். பாதுகாப்பு, நம்பகம், தெரிவு ஆகிய கொள்கைகள் இவற்றில் துல்லியமான விதிகளாக மாறியிருக்கின்றன.

விதி இருந்தாலும் பழக்கம் தானாக மாறுவதில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம், அவர்கள் பாலுறவுக்குப் பழகியவர்களா என்று கண்டறிவதாகச் சொல்லப்பட்ட 'இரு விரல் சோதனை' நடத்துவது அவர்களின் உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2013இலேயே சொல்லியிருந்தது. மத்திய நலவாழ்வுத் துறையின் 2014 வழிகாட்டுதலும் அதை விலக்கியது. இருந்தும் சோதனை தொடர்ந்ததால், 2022 அக்டோபரில் நீதிமன்றம் மீண்டும் தலையிட்டது. அதற்கு அறிவியல் அடிப்படை இல்லை, அது பெண்ணை மறுபடியும் காயப்படுத்துகிறது என்று கூறி, அதை நடத்துகிறவர் நன்னடத்தை தவறியவராவார் என்றது. அதோடு மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சிப் பட்டறைகள் நடத்தவும், மருத்துவக் கல்லூரிப் பாடத்திட்டத்தைத் திருத்தவும் உத்தரவிட்டது.

ஊரே காயப்படும்போது

மேற்கத்திய மாதிரிகள் பெரும்பாலும் தனி மனிதரை மையமாகக் கொண்டவை. யாழ்ப்பாணத்தில் பல்லாண்டு பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே சிதைத்ததை ஆராய்ந்து, அதைக் கூட்டு மனவடு என்று விளக்கினார். மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்த நிலத்தில், ஆசிரியர்களையும் சமூக மட்டப் பணியாளர்களையும் உளசமூகப் பணிக்குப் பயிற்றுவதே நடைமுறைக்கு ஒத்த வழியாக இருந்தது. யாழ்ப்பாணத்தின் 'சாந்திகம்' போன்ற அமைப்புகள் உளவளத்துணையாளர்களைப் பயிற்றின. கோயில் சடங்கு, ஒப்பாரி, ஆண்டுத் திவசம், கூத்து, மூச்சுப் பயிற்சி எனச் சமூகத்திடம் ஏற்கெனவே இருந்த ஆறுதல் வழிகளையும் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆறு கொள்கைகளில் கடைசியான பண்பாட்டு அறிவு இங்கே முதலிடத்துக்கு வந்தது.

பேரிடர் நேரத்தில் எல்லோருக்கும் கற்றுத்தரக்கூடிய எளிய பாடம் ஒன்றும் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் கூட்டாளி அமைப்புகளும் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு அதைப் பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்று மூன்றாகச் சுருக்குகிறது. யாருக்கு அவசரத் தேவை என்று பார்ப்பது, பேச விரும்புகிறவரை மட்டும் கேட்பது, உணவு, இருப்பிடம், உறவினர், மருத்துவர் எனத் தேவையான உதவிகளோடு இணைத்துவிடுவது. நடந்ததையெல்லாம் உடனே விவரமாகச் சொல்ல வைத்தால் பாரம் இறங்கும் என்று முன்பு நம்பினார்கள். அப்படி வற்புறுத்திச் சொல்ல வைப்பது பயன் தருவதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்று தெரிந்தபின் அந்த முறை கைவிடப்பட்டது.

உதவுகிறவரின் பாரம்

தினமும் பிறர் துயரம் கேட்பவருக்கும் அது ஒட்டிக்கொள்ளும். தூக்கமின்மை, எரிச்சல், மரத்துப்போதல், 'இவர்கள் எல்லோரும் இப்படித்தான்' என்ற கசப்பு ஆகியவை அறிகுறிகள். அமெரிக்க உளவியலாளர் சார்லஸ் ஃபிக்லி 1990களில் இதை இரக்கக் களைப்பு என்று விளக்கினார். ஊழியர்களிலேயே பலர் சொந்த வாழ்வில் காயம் பட்டவர்களாகவும் இருப்பார்கள். எனவே பயிற்சியில் பங்கேற்பாளரின் நலனும் ஒரு பாடம்: வேலைப்பளுவுக்கு வரம்பு, கடினமான நாளுக்குப் பின் மேற்பார்வையாளரோடு பேச ஒதுக்கிய நேரம், விடுப்பு கேட்கத் தயங்க வேண்டாத சூழல். அவமதிக்கப்படும் ஊழியர் வருகிறவரையும் அவமதிப்பார் என்பது சாண்ட்ரா புளூமின் எழுத்துகளில் அடிக்கடி வரும் கருத்து. மேலதிகாரி கத்தும் அலுவலகத்தில் சுவரில் ஒட்டிய கொள்கைப் பட்டியலால் ஆவது ஒன்றுமில்லை.

எல்லைகளும் அளவுகோலும்

பயிற்சிக்குப் பின் ஊழியர்களின் அறிவும் மனப்போக்கும் மேம்படுவதாக ஆய்வுகள் பலவும் காட்டுகின்றன. சேவை பெறுகிறவர்களின் வாழ்வில் அது ஏற்படுத்தும் மாற்றத்துக்கான சான்று அந்த அளவுக்கு வலுவாக இல்லை. காரணம், வகுப்பு முடிந்ததும் பழைய படிவமும் பழைய வரிசையும் பழைய வேலைப்பளுவும் அப்படியே காத்திருக்கின்றன. இன்னொரு ஆபத்து, 1998இன் சிறுவயதுத் துன்ப ஆய்வின் வினாப்பட்டியலை மதிப்பெண் தாளாகப் பயன்படுத்துவது. மக்கள் தொகையின் போக்கை அறிய உருவான அந்த எண்ணை ஒரு தனி மனிதரின் எதிர்காலத்தைக் கணிக்கப் பயன்படுத்தக் கூடாது என்று ஆய்வுக்குத் தலைமை வகித்த ஆண்டாவே பின்னாளில் எச்சரித்தார். கேட்டபின் தர உதவி எதுவும் கைவசம் இல்லாமல், வருகிறவர்களிடமெல்லாம் துயரக் கதை கேட்பதும் தவறு. மனக்காயம் என்ற சொல்லைச் சாதாரண மனவருத்தத்துக்கெல்லாம் நீட்டினால் அதன் பொருள் நீர்த்துவிடும்.

எனவே நிறுவனங்கள் எத்தனை பேர் வகுப்பில் உட்கார்ந்தார்கள் என்பதைத் தாண்டி வேறு சிலவற்றையும் எண்ணிப் பார்க்கின்றன. பாதியில் நின்றுவிடுகிறவர்கள் குறைந்தார்களா, மனநல வார்டில் நோயாளியைக் கட்டிவைப்பதும் தனியே பூட்டுவதும் குறைந்ததா, பள்ளியில் இடைநீக்கம் குறைந்ததா, ஊழியர்கள் வேலையை விட்டுப் போவது குறைந்ததா, புகார் சொல்லும் வழி எளிதானதா என்பவை அவற்றில் சில. பயிற்சி பெற்றவர் இடமாற்றலாகிப் போனால் அந்த அறிவும் கூடவே போய்விடாமலிருக்க, ஆண்டுதோறும் புத்தாக்க வகுப்பும், புதிதாகச் சேர்கிறவருக்கு முதல் வாரத்திலேயே அறிமுகமும், படிவங்களையும் விதிகளையும் குறித்த கால இடைவெளியில் மறுபடி பார்ப்பதும் திட்டத்திலேயே சேர்க்கப்படுகின்றன.